ஃபிராங்க் கோப்பெல்: 65 வயதுக் கோடும் ஒரு லெஃப்ட் பேக்கும்

ஃபிராங்க் கோப்பெல் 1949 மார்ச் 28 அன்று ஸ்காட்லாந்தின் ஃபால்கிர்க் நகரில் பிறந்தார். 2014 ஏப்ரல் 16 அன்று இறந்தார். 65 வயது நிறைந்தபின் அவர் உயிரோடு இருந்தது 19 நாள். ஒரு கால்பந்து வீரரின் வாழ்க்கையை எழுதும்போது இப்படி நாள் எண்ண வேண்டிய அவசியம் பொதுவாக வராது. இவர் விஷயத்தில் அந்த எண்ணிக்கைதான் முக்கியம். ஸ்காட்லாந்தில் அப்போதிருந்த விதிப்படி, முடியாதவரைக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சாப்பாடு ஊட்டிவிடும் உதவி 65 வயதானவருக்கு இலவசம். 64 வயதுக்காரரிடம் உள்ளாட்சி நிர்வாகம் காசு கேட்கலாம். கோப்பெலுக்கு மூளைத் திறன் மங்கிக்கொண்டே போகும் டிமென்ஷியா நோய் என்று தெரியவந்தபோது வயது 59.

அவருடைய மனைவி அமாண்டா கோப்பெல் இதை எதிர்த்துக் கிளம்பினார். கணவர் உயிரோடு இருந்தபோது தொடங்கியது, அவர் போன பிறகும் நிற்கவில்லை. 2019 ஏப்ரல் 1 முதல் ஸ்காட்லாந்தில் அந்த வயது வரம்பு இல்லை. ஊரார் அதை 'ஃபிராங்க் சட்டம்' என்கிறார்கள்.

இந்த நிகழ்வில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் செலவு யாருடையது என்பது ஒன்று. இருபது வருடம் பந்தைத் தலையால் அடித்ததுதான் நோய்க்குக் காரணமா என்பது இன்னொன்று. ஃபிராங்க் கோப்பெல் பற்றிய பேச்சில் இரண்டும் எப்போதும் சேர்ந்தே வரும். ஆனால் முதல் கேள்விக்கு ஆறே வருடத்தில் விடை கிடைத்துவிட்டது. இரண்டாவது இன்னும் இழுபறியில்தான் இருக்கிறது. அது ஏன் என்பதுதான் எனக்கு இந்த வழக்கில் பிடிபட்ட விஷயம். அதற்கு முன் ஆள் யார் என்று பார்த்துவிடலாம்.

மான்செஸ்டரில் காத்திருந்த பையன்

ஃபால்கிர்க்கிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனபோது கோப்பெல் பள்ளிப் பருவத்தைத் தாண்டிய பையன். அணியின் மேலாளர் மாட் பஸ்பி. 1967-ல் முதல் தர அணியில் இடம் கிடைத்தது. ஆனால் அது எப்படிப்பட்ட அணி! பாபி சார்ல்டன், டெனிஸ் லா, ஜார்ஜ் பெஸ்ட், நாபி ஸ்டைல்ஸ் எல்லாரும் ஒரே உடைமாற்றும் அறையில். அடுத்த வருடம் மே மாதம் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணி அது. ஓர் ஆங்கிலேய கிளப் அதை வென்றது அதுதான் முதல் முறை. தடுப்பு வரிசையின் இரு ஓரங்களான ஃபுல் பேக் இடங்களில் டோனி டன்னும் ஷே பிரென்னனும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். 18, 19 வயதுப் பையனுக்கு அவர்களில் ஒருவருக்கு அடிபட்டால்தான் ஆட்டம். இரண்டு பருவங்களில் கோப்பெல் ஆடியது மொத்தம் பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள்.

1969-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணிக்குப் போனார். அங்கேயும் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இருபத்திரண்டு வயதில் அவருடைய பெயரை யாராவது எழுதியிருந்தால், 'பெரிய அணியில் நிலைக்க முடியாமல் போன இன்னொருவர்' என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள்.

டண்டீயில் பத்து வருடம்

டண்டீ ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் நடுத்தர நகரம். சணல் ஆலைகளுக்குப் பேர் போனது. கால்பந்து ரசிகர்களுக்கு வேறொரு அதிசயம் தெரியும்: ஊரின் இரண்டு கிளப்புகளான டண்டீ எஃப்.சி.க்கும் டண்டீ யுனைடெட்டுக்கும் மைதானங்கள் ஒரே தெருவில். டென்ஸ் பார்க்கிலிருந்து டன்னடைஸுக்குக் கல்லெறி தூரம்தான். 1971 டிசம்பரில் யுனைடெட்டின் பொறுப்பை ஏற்ற ஜிம் மெக்லீன் அதற்கு முன்பு பக்கத்து மைதானத்தில்தான் பயிற்சியாளராக இருந்தார். வந்த சில வாரங்களிலேயே அவர் கூட்டிவந்த ஆட்களில் ஒருவர் கோப்பெல்.

மெக்லீனைப் பற்றித் தனியாக எழுதலாம். கறாரான மனிதர். ஆட்டம் ஜெயித்தாலும் ஆட்டக்காரர்களைத் திட்டுவார் என்று பெயர் எடுத்தவர். பெரிய பணம் இல்லாத கிளப்பை இளைஞர்களை வைத்து வளர்த்து, ஐரோப்பாவில் பேர் சொல்லும்படி ஆக்கியவர். அப்படிப்பட்டவர் ஒரு லெஃப்ட் பேக்கை, அதாவது இடது ஓரத் தடுப்பாட்டக்காரரை, பத்து வருடம் அணியில் வைத்திருந்தார் என்றால், ஆள் தவறு செய்யாத ஆள் என்று எடுத்துக்கொள்ளலாம். டண்டீ யுனைடெட்டுக்காகக் கோப்பெல் ஆடிய ஆட்டங்கள் 400-க்கும் மேல்.

1974 மே மாதம் கிளப் தன் வரலாற்றிலேயே முதல் முறையாக ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்தது. செல்டிக்கிடம் 3-0 தோல்வி. அந்தப் பதினொருவரில் கோப்பெலும் இருந்தார். கூடவே ஆண்டி கிரே, வால்டர் ஸ்மித், ஆர்ச்சி நாக்ஸ். பின்னாளில் பயிற்சியாளர்களாகப் பெரிய பெயர் எடுக்கப்போகும் இருவர் அந்த ஒரே அணியில் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பழைய ரசிகர்களிடம் கோப்பெல் என்று சொன்னால் உடனே வரும் பெயர் ஆண்டர்லெக்ட். 1979 இலையுதிர் காலம், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யுஇஎஃப்ஏ கோப்பையின் முதல் சுற்று. எதிரணி பெல்ஜியத்தின் பெரிய கிளப். 1976-லும் 1978-லும் 'கோப்பை வெற்றியாளர்கள் கோப்பை' என்ற இன்னொரு ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியவர்கள். டண்டீயில் நடந்த முதல் ஆட்டம் 0-0. பிரஸ்ஸல்ஸில் இரண்டாவது ஆட்டத்தில் யுனைடெட் வெளியேறிவிடும் என்றே எல்லாரும் நினைத்திருப்பார்கள். அங்கே வெகு தொலைவிலிருந்து பந்து தரையில் விழுமுன் ஓங்கி அடித்து வலைக்குள் அனுப்பினார் கோப்பெல். ஆட்டம் 1-1. வெளியூரில் போட்ட கோலுக்கு மதிப்பு அதிகம் என்ற அன்றைய விதியால் டண்டீ உள்ளே, ஆண்டர்லெக்ட் வெளியே. தடுப்பாட்டக்காரர் அபூர்வமாக அடிக்கும் கோல் அப்படி ஓர் இடத்தில் விழுந்தது. அடுத்த சுற்றிலேயே ஹங்கேரியின் டியோஷ்ஜியோரிடம் தோற்றுப் போனார்கள் என்பது வேறு கதை. ரசிகர்கள் அந்தப் பகுதியைச் சொல்வதில்லை.

அதே வருடம் டிசம்பரில் கிளப்புக்கு முதல் பெரிய கோப்பை. லீக் கோப்பை இறுதியில் எதிரணி அலெக்ஸ் ஃபெர்குசன் பயிற்றுவித்த அபெர்டீன். ஹாம்ப்டன் பார்க்கில் 0-0 முடிந்து, நான்கு நாள் கழித்து டென்ஸ் பார்க்கில் மறு ஆட்டம்: 3-0 வெற்றி. சொந்த மைதானத்திலிருந்து தெருவில் நடந்தே போய்க் கோப்பையை வாங்கிக்கொண்டு வந்த மாதிரி. 1909-ல் தொடங்கிய கிளப் எழுபது வருடம் காத்திருந்து பெற்ற கோப்பை. அடுத்த வருடம் மறுபடியும் டென்ஸ் பார்க், மறுபடியும் 3-0, இந்த முறை தோற்றது அந்த மைதானத்தின் சொந்தக்காரர்களான டண்டீ எஃப்.சி. இரண்டு இறுதியிலும் லெஃப்ட் பேக் கோப்பெல்தான்.

1982-ல் ஆர்ப்ரோத் அணிக்குப் போய்விட்டார். மறு வருடமே டண்டீ யுனைடெட் லீக் பட்டத்தை வென்றது. கிளப்பின் வரலாற்றில் இதுவரை ஒரே ஒரு முறை. அதற்கான அடித்தளத்தைப் பத்து வருடமாகக் கட்டியவர்களில் ஒருவருக்கு அந்தப் பதக்கம் இல்லை. தடுப்பாட்டக்காரர்களின் ராசி அப்படி.

59 வயதில்

கோப்பெலுக்கு வந்தது வாஸ்குலர் டிமென்ஷியா என்று மருத்துவர்கள் சொன்னார்கள். மூளைக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்கள் அடைபட்டோ கசிந்தோ, அங்கங்கே மூளைத் திசு செத்துப்போவதால் வருவது. அல்சைமர் போல ஒரே சீராக இறங்கிக்கொண்டே போகாமல், பல நோயாளிகளிடம் படிக்கட்டு மாதிரி இறங்கும்: சில மாதம் அப்படியே இருக்கும், திடீரென்று ஒரு படி சறுக்கும்.

டிமென்ஷியா என்றாலே ஞாபக மறதி என்று நினைக்கிறோம். பார்த்துக்கொள்பவருக்கு மறதி சின்னப் பிரச்சினை. காலையில் எழுப்பி உட்கார வைப்பது, ராத்திரி நனைந்த துணியை மாற்றுவது, பல் துலக்கிவிடுவது, சட்டையின் எந்தக் கை எந்தப் பக்கம் என்று தெரியாமல் நிற்பவருக்கு மாட்டிவிடுவது, மாத்திரையை வாயில் போட்டு விழுங்கிவிட்டாரா என்று பார்ப்பது, கழிப்பறைக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிடுவது. நாளுக்கு ஒருமுறை இல்லை, நாள் முழுக்க. முன்பு மைதானத்தின் நீளத்துக்கு ஏறி இறங்கிய உடம்பு. திடமான ஆண் உடம்பைத் தூக்கி நிமிர்த்த ஒருவர் போதாது. இந்த வேலைகளுக்குத்தான் ஸ்காட்லாந்து விதிகளில் 'தனிநபர் பராமரிப்பு' என்று பெயர். வீட்டுக்கு ஆள் வந்து செய்வார்கள். அதற்குத்தான் கோப்பெல் குடும்பம் காசு கட்டியது.

அவர்கள் வசித்தது ஆங்கஸ் மாவட்டத்தில் கிர்ரிம்யூர் என்ற சின்ன ஊரில். வாரத்துக்குச் சுமார் 300 பவுண்டு ஆனது என்று அமாண்டா சொன்னார். வருடம் முழுக்கக் கட்டினால் 15,600 பவுண்டு. மான்செஸ்டர் யுனைடெட் என்ற பெயரைக் கேட்டதும் கோடீஸ்வரர் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தத் தலைமுறை ஆட்டக்காரர்களுக்குத் தொலைக்காட்சிப் பணம் வருவதற்கு முந்தைய காலம். முப்பத்தைந்து வயதில் ஆட்டம் முடிந்ததும் பெரும்பாலோர் வேறு வேலை தேடியவர்கள்.

அந்தக் கோட்டைப் போட்டது யார்

65 என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் ஒரு விசித்திரம் தெரிகிறது. மருத்துவக் காரணம் எதுவும் அதன் பின்னால் இல்லை.

1990-களின் கடைசியில் பிரிட்டன் அரசு ஓர் ஆணையம் அமைத்தது. முதியோரின் நீண்ட காலப் பராமரிப்புச் செலவை யார் ஏற்பது என்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. தலைவர் ஸ்டூவர்ட் சதர்லாண்ட். 1999-ல் அறிக்கை கொடுத்தது: தனிநபர் பராமரிப்பை அரசே இலவசமாகத் தரலாம் என்றது. லண்டன் அரசு இங்கிலாந்துக்கு அதை ஏற்கவில்லை. எடின்பரோவில் அப்போதுதான் திறந்திருந்த ஸ்காட்டிஷ் நாடாளுமன்றம் ஏற்றது. அதை விடாப்பிடியாகத் தள்ளியவர் முதலமைச்சர் ஹென்றி மெக்லீஷ். அவரும் அரசியலுக்கு வருமுன் ஈஸ்ட் ஃபைஃப் அணியில் தொழில்முறைக் கால்பந்து ஆடியவர். ஒரு முன்னாள் ஆட்டக்காரர் கொண்டுவந்த திட்டத்தின் விளிம்பில்தான் இன்னொரு முன்னாள் ஆட்டக்காரர் மாட்டிக்கொண்டார். 2002 ஜூலை 1 முதல் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

ஆணையத்துக்குக் கேட்ட கேள்வியே முதியோரைப் பற்றியது. ஆகவே விடையும் முதியோருக்கானதாக வந்தது. முதியோர் என்றால் 65, ஏனென்றால் அது ஆண்களின் ஓய்வூதிய வயது. அப்படி அந்த எண் விதிகளில் உட்கார்ந்தது. ஐம்பதுகளில் டிமென்ஷியா வருபவர், நாற்பதில் தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் மோட்டார் நியூரான் நோய் வருபவர், பார்க்கின்சன் வந்தவர் யாரையும் வேண்டுமென்றே யாரும் ஒதுக்கவில்லை. கேள்வியைக் கேட்கும்போது அவர்கள் ஞாபகத்தில் இல்லை, அவ்வளவுதான். அரசாங்கக் கோப்புகளில் நடக்கும் அநியாயங்களில் பாதி இந்த வகைதான் என்பது என் எண்ணம்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அறுபதுக்குள் நோய் வருபவரின் வீட்டு நிலைமை எண்பது வயதுக்காரரின் வீட்டைவிடப் பெரும்பாலும் மோசமாக இருக்கும். வீட்டுக் கடன் முடிந்திருக்காது. சம்பளம் நின்றுபோகும். கணவனோ மனைவியோ இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார், அதையும் விட வேண்டி வரும். ஓய்வூதியம் தொடங்கியிருக்காது. உதவி அதிகம் தேவைப்படுபவரிடம் காசு வாங்கிக்கொண்டு, ஓரளவு தேவைப்படுபவருக்கு இலவசமாகக் கொடுத்தது அந்த விதி.

அமாண்டா எடுத்த வழி

2013-ல் அமாண்டா ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்தில் மனு போட்டார். கட்சிக்காரர்களைப் பார்த்தார், பத்திரிகைகளில் பேசினார், டண்டீ யுனைடெட் ரசிகர்கள் பின்னால் நின்றார்கள். அவர் கேட்டது மிக எளிய கேள்வி: ஒரே நோய், ஒரே உதவி, ஒரே ஊர், பிறந்த தேதி மட்டும் வேறு என்றால் ஏன் கட்டணம் வேறு? இதற்கு நியாயமான பதில் எந்தக் கட்சியிடமும் இல்லை. 'செலவு ஆகும்' என்பது ஒன்றுதான் பதில். ஆனால் 65 வயதுக்காரருக்கு மட்டும் செலவு ஆகாமலா இருக்கிறது?

தலையால் பந்தடித்ததுதான் காரணம் என்ற சந்தேகம் அமாண்டாவுக்கு உண்டு. அதை வெளிப்படையாகப் பேசியும் இருக்கிறார். ஆனால் வயது வரம்பு கோரிக்கையை அவர் அதன்மேல் கட்டவில்லை. கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்க்கலாம். முதலில் மருத்துவ ஆதாரம் கேட்டிருப்பார்கள். அதற்கு ஓர் ஆய்வுக் குழு, குழுவுக்கு நான்கு வருடம். நிரூபித்த பிறகும் அது கால்பந்து வீரர்களுக்கான சலுகையாக மட்டுமே சுருங்கியிருக்கும். அவர் கேட்ட விதத்தில் கேட்டதால், எந்த நோய், எதனால் வந்தது என்ற கேள்வியே எழவில்லை. ஸ்ட்ரோக் வந்தவர், தண்டுவட மரப்பு நோயாளி, புற்றுநோயாளி எல்லாரும் அதே வாசலில் உள்ளே வந்தார்கள்.

கணவர் இறந்த பிறகும் ஐந்து வருடம் ஆனது. சுகாதார அமைச்சர்கள் மாறினார்கள்: அலெக்ஸ் நீல், ஷோனா ராபிசன், ஜீன் ஃப்ரீமன். 2017-ல் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் மைல்ஸ் பிரிக்ஸ் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவர முன்வந்தார். எதிர்க்கட்சிகள் ஒன்று சேர்ந்தால் ஆளும் கட்சி தோற்கும் நிலை. செப்டம்பரில் முதலமைச்சர் நிக்கோலா ஸ்டர்ஜன் தன் அரசின் வருடாந்தரத் திட்டத்திலேயே இதைச் சேர்த்து அறிவித்துவிட்டார். நல்ல மனசு ஒரு பக்கம், எண்ணிக்கை ஒரு பக்கம். அரசியலில் இரண்டும் ஒரே நாளில் வேலை செய்தால் காரியம் ஆகும்.

ஒரு சின்னத் திருத்தம்: 'ஃபிராங்க் சட்டம்' என்ற பெயரில் சட்டம் எதுவும் சட்டப் புத்தகத்தில் கிடையாது. மூலச் சட்டம் 2002-ல் வந்ததுதான். வயது வரம்பு அதன் கீழ் போட்ட ஒழுங்குவிதிகளில் இருந்தது, அதைத் திருத்தினார்கள். இவ்வளவு வருடப் போராட்டம் ஒரு திருத்தத்துக்காக. சொல்லப்போனால் 2003-லேயே ஓர் அமைச்சர் நினைத்திருந்தால் முடிந்திருக்கும் வேலை. 2019-20 வரவு செலவுத் திட்டத்தில் இதற்கு ஒதுக்கியது 3 கோடி பவுண்டு.

ஆய்வு வந்தது அப்புறம்தான்

வயது வரம்பு நீங்கி ஆறு மாதம் கழித்து, 2019 அக்டோபரில், இரண்டாவது கேள்விக்கான முதல் கனமான விடை வந்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் நரம்பு நோயியல் மருத்துவர் வில்லி ஸ்டூவர்ட் தலைமையில் நடந்த ஆய்வு. 1900-க்கும் 1976-க்கும் இடையில் பிறந்த 7,676 முன்னாள் ஸ்காட்லாந்து ஆட்டக்காரர்களின் மருத்துவ, இறப்புப் பதிவுகளை எடுத்து, அதே வயது, அதே வசதி கொண்ட பொதுமக்கள் 23,028 பேரோடு ஒப்பிட்டார்கள். ஸ்காட்லாந்தில் பிறப்பு முதல் இறப்பு வரை பதிவுகள் ஒழுங்காக இருப்பதால்தான் இது முடிந்தது.

நரம்பு அழிவு நோய்களால் இறக்கும் விகிதம் ஆட்டக்காரர்களிடம் சுமார் மூன்றரை மடங்கு. அல்சைமரை மட்டும் எடுத்தால் ஐந்து மடங்கு. மோட்டார் நியூரான் நோய் நான்கு மடங்கு, பார்க்கின்சன் இரண்டு மடங்கு. அதே சமயம் இதய நோயால் இறந்தவர்கள் குறைவு, நுரையீரல் புற்றுநோய் குறைவு. 70 வயது வரை ஆட்டக்காரர்களின் இறப்பு விகிதமே குறைவுதான். ஓடி ஆடிய உடம்பு நன்றாக இருக்கிறது, தலைதான் முந்திக்கொள்கிறது.

2021-ல் வந்த அடுத்த கட்ட ஆய்வு ஆடிய இடத்தைப் பார்த்தது. கோல்கீப்பர்களிடம் குறிப்பிடும்படியான கூடுதல் ஆபத்து தென்படவில்லை. தடுப்பாட்டக்காரர்களிடம் ஐந்து மடங்கு. 15 வருடத்துக்கு மேல் ஆடியவர்களிடமும் அதே அளவு. கோல்கீப்பர் அதே மைதானத்தில், அதே உணவில், அதே பயிற்சியில் இருப்பவர். பந்தைத் தலையால் அடிப்பது மட்டும் அவருக்குக் கிடையாது. இதைவிட நல்ல ஒப்பீட்டுக் குழுவை ஆய்வாளர்கள் தாங்களாக உருவாக்கியிருக்க முடியாது.

பழைய தோல் பந்து மழையில் ஊறிக் கனத்துப்போகும், அதனால்தான் வந்தது, இப்போதைய பந்துக்கு அந்த ஆபத்து இல்லை என்று ஒரு பேச்சு உண்டு. காய்ந்த பந்தின் எடை அன்றும் இன்றும் 410 முதல் 450 கிராம்தான். இன்றைய பந்து தண்ணீர் குடிப்பதில்லை, ஆனால் அதிக வேகத்தில் வருகிறது. ஆட்டக்காரர்கள் எந்தக் காலத்தில் பிறந்தவர்கள் என்பதை வைத்து ஆபத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்று அதே 2021 ஆய்வு சொல்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, கோப்பெலுக்கு வந்ததும் பந்தால்தான் என்று தீர்ப்பு எழுதத் தோன்றும். எழுத முடியாது. ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி ஒரு மனிதனின் காரணத்தைச் சொல்லாது. அவர் ஆடியது ஃபுல் பேக். பந்து அதிகம் தலைக்கு வருவது நடுவில் நிற்கும் சென்டர் ஹாஃபுக்கு. அந்தக் காலப் பயிற்சியில், கயிற்றில் தொங்கும் பந்தை எம்பி எம்பி அடிக்க வைப்பார்கள் என்பதால் யாருக்கு எத்தனை என்று கணக்கும் இல்லை. அடிபட்ட மூளையில் காணும் சிடிஇ என்ற மாற்றத்தை இறந்த பின் மூளையை அறுத்துப் பார்த்தால்தான் உறுதி செய்ய முடியும். மேற்கு பிராம்விச் அணியின் ஜெஃப் ஆஸ்லுக்கு அப்படித்தான் தெரிந்தது. 2002-ல் 59 வயதில் இறந்தார். மரண விசாரணை அதிகாரி அதைத் தொழில்சார் நோய் என்று பதிவு செய்தார்; பன்னிரண்டு வருடம் கழித்து வில்லி ஸ்டூவர்ட் மூளைத் திசுவை மறுபடி பார்த்து சிடிஇ என்றார். கோப்பெலோடு மான்செஸ்டரில் இருந்த நாபி ஸ்டைல்ஸின் மூளையிலும் அதே மாற்றம் இருந்தது. பாபி சார்ல்டனுக்கும் டெனிஸ் லாவுக்கும் டிமென்ஷியா என்று பின்னாளில் தெரியவந்தது. 1967-ல் ஒரு பையன் இடத்துக்காகக் காத்திருந்த அந்த உடைமாற்றும் அறையில் இத்தனை பேர்.

ஆய்வுக்குப் பலன் இருந்தது. 2020-ல் ஸ்காட்லாந்தில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் பந்தடிப்பதை நிறுத்தினார்கள். 2022 நவம்பரில் தொழில்முறை அணிகளுக்கும் வழிகாட்டுதல் வந்தது: ஆட்டத்துக்கு முந்தின நாளும் மறுநாளும் தலையால் அடிக்கும் பயிற்சி வேண்டாம், வாரத்துக்கு ஒரு பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று. ஆட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆட்டத்தில் அடிப்பதைவிடப் பயிற்சியில் அடிப்பது பல மடங்கு என்பதால் இது அர்த்தமுள்ள தொடக்கம்தான்.

ஆனால் நோய் வந்துவிட்ட பழைய ஆட்டக்காரருக்கு இதில் எதுவும் இல்லை. அவருக்கு வேண்டியது தொழில்சார் காயம் என்ற அங்கீகாரம். சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலுக்குக் கிடைப்பது போன்றது. 2021-ல் ஸ்காட்டிஷ் நாடாளுமன்றத்தின் லேபர் உறுப்பினர் மைக்கேல் மாரா இதற்காக ஒரு பிரசாரத்தைத் தொடங்கினார்; அமாண்டா கோப்பெலும் ஜிஎம்பி தொழிற்சங்கமும் கூட நின்றார்கள். இந்த முறை காரணத்தைக் காட்டாமல் வழியில்லை. இந்த ஆளுக்கு, இந்த வேலையால், இந்த நோய் வருவதற்கு வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் என்று நிபுணர் குழு ஏற்க வேண்டும். மூன்றரை மடங்கு என்ற எண் கையில் இருந்தும் நகரவில்லை. 65 என்ற எண்ணைக் கேள்வி கேட்பது எவ்வளவு சுலபமாக இருந்திருக்கிறது என்பது இப்போதுதான் தெரிகிறது.

கிடைத்ததும் கிடைக்காததும்

இலவசம் என்ற சொல்லைக் கேட்டு எல்லாம் இலவசம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். உள்ளாட்சி நிர்வாகத்தின் ஆள் வந்து பார்த்து, எவ்வளவு உதவி தேவை என்று மதிப்பிட வேண்டும். எத்தனை மணி நேரம் தேவை என்பதில் அவர்கள் கணக்கும் குடும்பத்தின் கணக்கும் ஒத்துப்போகாது. குளிப்பாட்டுவது இலவசம், வீட்டைப் பெருக்குவது, கடைக்குப் போய்வருவது, பகல்நேர மையத்தில் உட்கார வைப்பது ஆகியவற்றுக்குக் கட்டணம் வாங்கலாம். காப்பகத்தில் சேர்த்தால் பராமரிப்புக்கென்று ஒரு நிலையான தொகையை அரசு தரும். தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் ஆகும் செலவு வசதியைப் பொறுத்து நம் தலையில்தான். டிமென்ஷியா நோயாளிக்குக் குளிப்பாட்டுவதைவிட, பக்கத்தில் ஒரு ஆள் சும்மா இருப்பதுதான் சில சமயம் பெரிய தேவை. அந்தச் சும்மா இருத்தலுக்கு விதியில் தலைப்பு இல்லை.

இன்னொரு கோடும் அப்படியே இருக்கிறது. கோப்பெல் தன் இளமையில் ஐந்தாறு வருடம் ஆடிய மான்செஸ்டரும் பிளாக்பர்னும் இங்கிலாந்தில் உள்ளவை. சதர்லாண்ட் அறிக்கையை 1999-ல் ஏற்காத இங்கிலாந்தில் இன்றும் தனிநபர் பராமரிப்புக்கு வயது பார்ப்பதில்லை, வசதி பார்க்கிறார்கள். கையில் 23,250 பவுண்டுக்கு மேல் இருந்தால் முழுச் செலவும் நோயாளியுடையது. இந்த வரம்பு 2010-லிருந்து மாறவில்லை. 59 வயதானாலும் சரி, 89 ஆனாலும் சரி. 1972-ல் ஜிம் மெக்லீன் கூப்பிடாமல் இருந்து, கோப்பெல் பிளாக்பர்னிலேயே குடியேறியிருந்தால், அமாண்டா எந்த நாடாளுமன்றத்தில் எந்தக் கேள்வியைக் கேட்டிருப்பார் என்று தெரியவில்லை. அங்கே எல்லா வயதினரும் கட்டத்தான் வேண்டும்.